வன்னியில் ஆட்கடத்தலை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு

பல்கலைக்கழகத்திலிருந்து முதன்முதலாகக் களத்துக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பாதிக்கப்பட்ட ஆக்களை எங்க சந்திக்கலாம்?" நான் சொல்லும் பதிலும் மாறுவதில்லை. அவர்களிடம் கடைசியாகப் போங்கள். சில ஆய்வுகளுக்கு அவர்களிடம் போகவே தேவையில்லை.

குற்றவியல், சமூகவியல், சட்டம் என்று எதைப் படித்துவிட்டு வந்தாலும் சரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஆட்கடத்தலையும் அதைச் சுற்றியுள்ள பாலியல் சந்தையையும் ஆராயப் புறப்படுகிறவர் எந்த ஒழுங்கில் வேலையைத் தொடங்கவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒழுங்கு பிழைத்தால் அதற்கான விலையை நாங்கள் கொடுப்பதில்லை. எங்களோடு கதைத்த பெண்தான் கொடுக்கிறாள்.

முதற்படி: 'கடத்தல்' என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

என் முதல் களவேலை புதுக்குடியிருப்புப் பக்கம். ஒரு அம்மாவின் முற்றத்தில் பாயைப் போட்டு இருந்துகொண்டு, "இந்தப் பக்கம் ஆட்கடத்தல் ஏதும் நடந்ததா அம்மா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பொலித்தீன் பை. மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள், மடித்த மடிப்பிலேயே கிழிந்துபோன பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் கேட்டது இது இல்லை அம்மா" என்று எந்த வாயால் சொல்வது?

வன்னியில் 'கடத்தல்' என்றால் வெள்ளை வான், ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கிய வான். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தை நினைவில் வைத்திருங்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கும் அதே சொல், இந்த மண்ணில் வேறொரு காயத்தின் பெயர். அந்தச் சொல்லோடு போனால் ஆய்வும் பிழையாகிவிடும், ஒருவருடைய ஆறாத காயத்தையும் கிளறிவிட்டு வருவீர்கள்.

நாங்கள் தேடும் விஷயத்தைச் சனம் வேறு விதமாகச் சொல்கிறது. "ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போட்டான்." "வேலையெண்டு கூட்டிக்கொண்டு போனவ." "பாஸ்போட்டை வாங்கி வச்சிட்டினம், சம்பளமும் இல்லை." "சொன்ன வேலை ஒண்டு, அங்க போனா வேற." கேள்வித்தாளை இந்தச் சொற்களைக் கொண்டு எழுதுங்கள். சட்டச் சொற்களை உங்கள் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேசையில் இருக்கவேண்டிய சட்டம் இதுதான். ஆட்கடத்தலுக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் பலேர்மோ நெறிமுறை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதே ஆண்டு கையொப்பமிட்டு, 2015இல்தான் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்னரே, 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. குற்றத்துக்கு மூன்று உறுப்புகள். முதலாவது செயல்: ஆளைச் சேர்த்தல், கொண்டுபோதல், கைமாற்றுதல், ஒளித்து வைத்தல், பொறுப்பேற்றல். இரண்டாவது வழி: மிரட்டல், பலாத்காரம், மோசடி, ஆசைகாட்டல், மற்றவரின் பலவீன நிலையைப் பயன்படுத்தல். மூன்றாவது நோக்கம்: கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், உறுப்பு அகற்றல் போன்றவை. தண்டனை 2 முதல் 20 ஆண்டுகள் வரை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பலேர்மோ நெறிமுறைப்படி 'வழி' நிரூபிக்கப்படத் தேவையில்லை. பிள்ளை சம்மதித்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது.

கேட்கும் ஒவ்வொரு கதையையும் இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். எல்லை தாண்டுவதற்குக் காசு வாங்கிக்கொண்டு படகில் ஏற்றுவது ஆட்களைக் களவாகக் கொண்டுசெல்லல். அது வேறு குற்றம். 2022 நவம்பரில் வியட்நாம் கடலுக்கு அப்பால் மூழ்கும் நிலையில் இருந்த கப்பலிலிருந்து 300க்கும் மேற்பட்ட இலங்கையர் மீட்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் 100க்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தது. இரண்டிலும் ஆட்கள் கடல்வழியே கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் கரையில் இறங்கிய பின் யார் அவர்களைச் சுரண்ட இருந்தது என்பது தெரியாமல் ஆட்கடத்தல் என்று எழுத முடியாது. பத்திரிகைத் தலைப்பு எழுதிவிடும். ஆய்வாளர் எழுதக்கூடாது.

பாலியல் தொழிலையும் ஆட்கடத்தலையும் ஒன்றாக்குவது இன்னும் பெரிய பிழை. காசுக்கு உடலுறவு கொள்வதையே குற்றம் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டம் பொது இடத்தில் ஆள் பிடிப்பதைத் தண்டிக்கிறது. 1889ஆம் ஆண்டு விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவதைத் தண்டிக்கிறது. தன் முடிவில் அந்தத் தொழிலுக்கு வந்த பெண்ணும் உண்டு, ஏமாற்றி அடைக்கப்பட்ட பெண்ணும் உண்டு, ஒன்றில் தொடங்கி மற்றதில் சிக்கியவளும் உண்டு. எல்லாரையும் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதிவிட்டால் உங்கள் தரவு எதையும் பிரித்துக் காட்டாது.

இரண்டாம் படி: எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்

புதிதாக வருகிற எல்லாருக்கும் எண்ணிக்கை மேல் ஆசை. இந்தத் துறையில் உலகம் முழுக்கச் சுற்றும் எண்களில் பலவற்றுக்கு அடி இல்லை. ஒருவர் ஊகித்ததை இன்னொருவர் மேற்கோள் காட்ட, மூன்றாமவர் அதை ஆதாரம் என்கிறார். மறைந்திருக்கும் சனத்தொகையை எண்ணுவதற்கு முறைகள் இல்லாமல் இல்லை. பிரித்தானியாவில் 2014இல் பல பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 2013இல் 10,000 முதல் 13,000 பேர் வரை நவீன அடிமைத்தனத்தில் இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள். பொலிஸ், தொண்டு நிறுவனங்கள், அரச அலுவலகங்கள் என்று தனித்தனியே வைத்திருக்கும் பட்டியல்களில் எத்தனை பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதிலிருந்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்களைக் கணக்கிடும் வழி அது. அதற்கு நல்ல பட்டியல்கள் நாலைந்து வேண்டும், அவற்றில் போதிய பேரும் இருக்கவேண்டும். வன்னியில் ஒரு மாணவரின் கைக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது.

ஒருவர் மூலம் அடுத்தவரைப் பிடிக்கும் சங்கிலி முறையும் உண்டு. 1997இல் டக்ளஸ் ஹெக்கத்தோர்ன் அதற்குக் கணித ஒழுங்கு ஒன்றைக் கொடுத்தார். பங்குபற்றியவரிடம் சில சீட்டுகளைக் கொடுத்து, தனக்குத் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்வது. நியூயோர்க்கில் 2008இல் வெளிவந்த ஆய்வொன்று இந்த வழியில் பாலியல் சந்தையில் இருந்த 249 இளையவர்களைச் சந்தித்தது. அவர்களில் 111 பேர் ஆண்பிள்ளைகள், 119 பேர் பெண்பிள்ளைகள், மற்றவர்கள் திருநர்கள். சிறுவர் சுரண்டல் என்றதும் சிறுமியை மட்டும் நினைக்கிறவர் இந்த எண்களை எழுதி ஒட்டி வைக்கலாம். ஆனால் நியூயோர்க்கில் நடந்ததை ஒட்டுசுட்டானில் செய்ய முடியாது. நூறு குடும்பம் இருக்கும் ஊரில், ஒரு பெண்ணின் கையில் உங்கள் சீட்டு இருப்பதே அவளைப் பற்றிய அறிவிப்பு.

ஆகவே 'எத்தனை' என்பதை விட்டு 'எப்படி' என்று கேளுங்கள். 1994இல் டெரெக் கோர்னிஷ் முன்வைத்த 'குற்றக் கதைவரி' முறை வன்னிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு குற்றத்தை ஒரே சம்பவமாகப் பார்க்காமல் காட்சி காட்சியாகப் பிரிப்பதுதான் அது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் அகப்பட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து முதலில் கதைத்தது யார்? பெரும்பாலும் கொழும்புக்காரர் இல்லை, பக்கத்து ஊரில் தெரிந்த ஒரு ஆள், உப முகவர். வீட்டுக்கு முற்பணம் கொடுத்தாரா, அந்தக் காசு எந்தக் கடனுக்குப் போனது? கடவுச்சீட்டு, மருத்துவச் சோதனைக்கு யார் கூட்டிப்போனது? கொழும்பில் எத்தனை நாள், எங்கே தங்கவைத்தார்கள்? வேலை வீசாவா, சுற்றுலா வீசாவா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தார்களா? அங்கே இறங்கியதும் போனையும் கடவுச்சீட்டையும் வாங்கியது யார்? எத்தனை வீடு மாற்றினார்கள்?

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த இடத்தில் இருந்தவர், கைமாறிய காசு, கைமாறிய காகிதம், அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரு ஆள், இவற்றை எழுதுங்கள். பத்துப் பதினைந்து கதைகளை இப்படிப் பிரித்த பின் பக்கங்களைப் புரட்டினால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவது தெரியும். என் குறிப்புகளில் அது முற்பணக் காட்சி. ஒரு நாள் பதினைந்து நிமிடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்து முடிகிற விஷயம். அதன் பிறகு அந்தப் பெண்ணால் 'போகமாட்டேன்' என்று சொல்லவே முடியவில்லை.

மூன்றாம் படி: கடன் கட்டும் நாளில் ஊரைப் பாருங்கள்

சந்தையைத் தேடி இரவில் ஏ9 வீதியில் திரியாதீர்கள். விசுவமடுப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுவாக எடுத்த நுண்கடனைக் கட்டும் நாள் காலையில் போய் ஒரு ஓரமாக இருந்து பாருங்கள். குழுத் தலைவியின் வீட்டு விறாந்தையில் எட்டு மணிக்கே பெண்கள் கூடிவிடுவார்கள். கையில் கடன் அட்டை, அதற்குள் மடித்த தாள்காசு. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெயர் கூப்பிடத் தொடங்குவார். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவர்கள் எல்லாரும் இருக்கவேண்டும். உச்சி வெயில் வரைக்கும் பத்துப் பேர் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிடுகிறாள், கொஞ்சம் தள்ளிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு கதைக்கிறாள். அவள் யாரிடம் கேட்கிறாள், அந்த ஆள் பதிலுக்கு என்ன கேட்பார் என்பதில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

வெளிநாட்டுக் கடன் தொடர்பான ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018இல் இலங்கைக்கு வந்தபோது, நுண்கடன் தவணைக்குப் பதிலாகப் பெண்களிடம் பாலியல் இணக்கம் கேட்கப்படுவதையும் எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. இவை ஆட்கடத்தல் வழக்குகள் இல்லை. ஆனால் 360சியில் இருக்கும் 'பலவீன நிலையைப் பயன்படுத்தல்' என்ற சொற்றொடருக்கு வன்னியில் இரத்தமும் சதையும் கொடுப்பது இந்தக் கடன்தான்.

காலமும் பாருங்கள். காலபோக அறுவடை முடிந்த கையோடு கையில் கொஞ்சம் காசு இருக்கும். அதற்கு முந்திய மாதங்களில் கை வெறுமையாக இருக்கும். முகவர் எந்த மாதத்தில் ஊருக்குள் வந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், நெல் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும் பக்கத்தையும் மறக்கவேண்டாம். சந்தை என்றால் வாங்குபவர் உண்டு. சம்பளம் கையில் உள்ள ஆண்கள் குடும்பத்தை விட்டுத் தங்கும் இடங்கள் எவை, வீதி வேலை, கட்டட வேலை, முகாம், லொறி தங்கும் சந்தி எங்கே, எந்த ஆண்டில் எது வந்தது என்று ஒரு வரைபடம் போடுங்கள். ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப ஓடியது 2013இல். யாழ்ப்பாணம் வரை 2014இல். பாதை திறந்ததும் ஊர் மாறியது, ஆட்கள் வந்து போகும் விதமும் மாறியது. இந்த வரைபடத்துக்கு ஒரு பெண்ணின் பெயரும் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரில் எல்லாருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். "அந்த வீட்டுக்காரியைப் பாருங்கோ." புருஷன் இல்லாதவள், இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவள், இரவில் போன் கதைக்கிறவள், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடிய முன் போகிறவள் என்று யாரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். அது ஊரின் வன்மம். அதைத் தரவு என்று எழுதினால், ஊர் வாய் சொன்ன பழியை நீங்கள் பல்கலைக்கழக முத்திரை குத்தி அச்சிட்டுக் கொடுக்கிறீர்கள்.

நான்காம் படி: காகிதங்கள்

நீதவான் நீதிமன்றப் பதிவேடுகள், பொலிஸ் புள்ளிவிவரம், பிரதேச செயலக அறிக்கைகள், இவற்றை எல்லாம் ஆளைத் தேடிப் போவதற்கு முன்னர் பாருங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தரலாமா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். பெயர் கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக்கூடாது. "இந்த இந்த ஆண்டுகளில் இந்தப் பிரிவின் கீழ் பதிவான முறைப்பாடுகள் எத்தனை, வழக்குத் தொடரப்பட்டவை எத்தனை" என்று பிரிவிலக்கத்தோடு கேளுங்கள். நீதிமன்றப் பதிவேட்டைப் பார்க்க நீதவானின் எழுத்து அனுமதி வேண்டும், பதிவாளரோடு கதைத்துத் தொடங்குங்கள். பொலிஸ் பதிவுகள் சிங்களத்தில் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த, வாய் காக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

360சி வழக்கு குறைவாக இருப்பதைக் கண்டு 'இங்கே பிரச்சினை இல்லை' என்று முடிவெடுக்கவேண்டாம். அந்தக் குற்றத்தை நிரூபிக்க மூன்று உறுப்பும் வேண்டும், மேல் நீதிமன்றம் போகவேண்டும், சாட்சி ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டும். நாடோடிகள் சட்டத்தின் கீழ் பிடித்தால் நீதவான் முன் அன்றே முடிந்துவிடும். பெண் குற்றத்தை ஒப்புக்கொள்வாள், தண்டப்பணம் கட்டுவாள், கோப்பு மூடும். அவளை அங்கே கொண்டுவந்து விட்டது யார் என்ற கேள்வி அந்தக் கோப்புக்குள் வருவதே இல்லை. முகவர் மீது போடப்படும் வழக்கும் மோசடி என்றோ, 1985ஆம் ஆண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்த்தது என்றோ இருக்கும். எனவே ஒரே குற்றத்தை நாலு பிரிவுகளில் தேடவேண்டும்.

ஐந்தாம் படி: நெறிமுறை அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விண்ணப்பப் படிவத்திலேயே எல்லாம் இருக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு நேர்காணலும் செய்யக்கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். கடத்தப்பட்ட பெண்களிடம் நேர்காணல் செய்வது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட பரிந்துரைகளைக் கட்டாயம் வாசியுங்கள். அதில் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது, நிறைவேற்ற முடியாத வாக்குறுதி கொடுக்காதே என்ற இடம்.

குழு ஒரு விஷயத்தில் உங்களோடு வாதாடக்கூடும். அது கையொப்பம். எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பார்கள். 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களுக்குள் போய் வந்தவர்கள், தெரியாத மொழியில் இருந்த தாள்களில் கையொப்பம் வைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். தாளை நீட்டியதும் அவர்கள் முகம் மாறும். வாய்மொழிச் சம்மதத்தைக் கேட்டு வாங்குங்கள், ஏன் என்று குழுவுக்கு விளக்கி எழுதுங்கள். எனக்கு இது ஒரு பிழையால் தெரிந்தது. ஆய்வின் தலைப்பு பெரிதாக அச்சடித்த தகவல் தாளை ஒரு பெண்ணின் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நடைமுறை அப்படித்தான், ஒரு பிரதி அவருக்குக் கொடுக்கவேண்டும். அடுத்த முறை போனபோது மாமியார்தான் வாசலுக்கு வந்தார். "என்ர மருமகள் அப்படியான ஆள் இல்லை, இனி வராதேங்கோ" என்றார். அந்தத் தாளில் அவளைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. தலைப்பே போதுமாக இருந்தது. இப்போது என் தகவல் தாளின் தலைப்பு 'பெண்களின் வேலையும் வருமானமும்'. விஷயத்தை வாயால் முழுமையாகச் சொல்கிறேன், மறைப்பதில்லை. தாளை வேண்டாம் என்றால் கொடுப்பதில்லை.

ஆறாம் படி: யாரிடம், எந்த வரிசையில்

முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வீடு வீடாகப் போகிற இவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கோப்புக்கும் தெரியாது. ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: "இப்படியொரு முறைப்பாடு வந்தா நீங்கள் முதல்ல யாரைக் கூப்பிடுவீங்கள், எங்க அது நிண்டு போகும்?" அடுத்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வைத்தியசாலையில் இயங்கும் நட்பு நிலையத்தின் தாதி, சட்ட உதவி வழங்கும் சட்டத்தரணி, பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தார். அதன் பின் திரும்பி வந்த புலம்பெயர் தொழிலாளர், முகவருக்காக ஆள் சேர்த்தவர், பஸ் கொண்டக்டர், தங்குமிடக்காரர்.

விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, நீங்கள் வந்திருப்பது தெரியவேண்டும். யாரைச் சந்திக்கிறீர்கள் என்பது தெரியக்கூடாது. நீங்கள் போன பின் இன்னொருவர் வந்து "ஆர் வந்தது, என்ன கேட்டது" என்று விசாரிக்கலாம். அதற்குச் சொல்லக்கூடிய உண்மையான, பாதுகாப்பான ஒரு பதிலை உங்களோடு கதைத்தவரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

ஏழாம் படி: பாதிக்கப்பட்டவரோடு கதைப்பதென்றால்

இவ்வளவும் செய்த பின்னும், அவரிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு விடை உங்கள் கேள்விக்குத் தேவை என்றால் மட்டும். அவரை நீங்கள் தேடிப் போகாதீர்கள். அவர் நம்பும் உத்தியோகத்தர் அல்லது தாதி மூலம் செய்தி போகட்டும், அவர் விரும்பினால் அவரே கூப்பிடட்டும். அவர் எப்படியும் போகிற இடத்தில் சந்தியுங்கள். கிளினிக் நாளில் வைத்தியசாலை நல்ல இடம். பொலிஸ் நிலையமோ அவருடைய வீடோ வேண்டாம். நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனத்தில் போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள். மொழிபெயர்ப்பாளரோ துணையாளோ அந்த ஊர் ஆளாக இருக்கக்கூடாது.

முள்ளிவாய்க்கால் நினைவு வாரமான மே 12 முதல் 18 வரை, மாவீரர் நாளை ஒட்டிய நாட்கள், நாற்று நடும் கிழமைகள், இவற்றில் ஒருவரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொல்லச் சொல்லிக் கேட்பது தேவையில்லை. பாலியல் வன்முறையின் விபரம் உங்கள் கதைவரிக்கு எதையும் சேர்க்காது. வேலையைப் பற்றி, காசைப் பற்றி, பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். மற்றதை அவர் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். ஒலிப்பதிவு வேண்டாம். மடியில் கொப்பியும் வேண்டாம். நாலைந்து சொல் குறித்துக்கொண்டு, பஸ் ஏறின கையோடு எழுதுங்கள். வந்து போகும் செலவைக் கொடுங்கள், அதற்கு மேல் கொடுத்தால் அது கதைக்குக் கொடுத்த விலையாகிவிடும். "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம் பிள்ளை, எங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்பார். இந்தக் கேள்வி வராத வன்னி நேர்காணல் எனக்கு அமைந்ததில்லை. உண்மையைச் சொல்லுங்கள்: இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடியாக ஒன்றும் வராது. அதைக் கேட்ட பின் எழும்பிப் போகிறவரைப் போக விடுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவரிடம் முதல் ஆய்வு செய்கிற மாணவர் நேர்காணல் செய்யவே கூடாது. வேறு யாரோடோ கதைக்கும்போது ஒரு பிள்ளை இப்போது ஆபத்தில் இருப்பது தெரியவந்தால், அந்த இடத்தில் ஆய்வு நின்றுவிட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பெண்களுக்கு 1938. இப்படி ஒன்று நடந்தால் அறிவிப்பேன் என்பதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லிவிடவேண்டும். நடந்த பிறகு சொன்னால் அது துரோகம். சாட்சி சொல்ல முன்வருகிறவருக்கு 2023ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோர உரிமை உண்டு, அதைச் சட்டத்தரணி மூலம் விளக்கிக் கொடுங்கள்.

எட்டாம் படி: எழுதும்போது

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். 'கணவர் மாத்தளனில் காணாமல் போனவர், மூன்று பிள்ளை, குளத்தடியில் தகரக் கொட்டில்' என்று எழுதினால் அந்தப் பிரதேசத்தில் உள்ள எல்லாருக்கும் ஆள் தெரியும். பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், போன நாடு, போன ஆண்டு ஆகியவற்றில் இரண்டையாவது கலைத்துவிடுங்கள். இரண்டு மூன்று பேரின் கதையைக் காட்சி காட்சியாகச் சேர்த்து எழுதுவது இன்னும் பாதுகாப்பு. அப்படிச் செய்ததை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். கிராம அலுவலர் பிரிவின் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். குறிப்புகளைப் போனில் வைக்காதீர்கள், சோதனையில் போனைக் கேட்டால் கொடுக்கவேண்டி வரும். வாட்ஸ்அப்பில் மேற்பார்வையாளருக்கு அனுப்புவதும் கூடாது.

அச்சுக்குப் போக முன், தமிழில் சுருக்கம் ஒன்று எழுதி, உங்களுக்கு உதவிய உத்தியோகத்தர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் ஆள் தெரிகிறது என்று அவர்கள்தான் பிடிப்பார்கள். ஒருமுறை ஒரு அக்கா, "இந்தத் தையல் மெசின் கதையை எடுங்கோ, அந்தத் திட்டத்தில எங்கட பக்கம் ரெண்டு பேருக்குத்தான் குடுத்தது" என்றார். எனக்கு அது வெறும் விபரமாகத்தான் பட்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு சிறு வேலை. ஆய்வுக்கென்று தனி சிம் ஒன்று வாங்கியிருப்பீர்கள், வாங்கத்தான் வேண்டும். ஆய்வேட்டைக் கொடுத்ததும் அதை நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடமாவது காசு போட்டு வைத்திருங்கள். எனக்கு ஆய்வு முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு அழைப்பு வந்தது. நேர்காணலில் பாதியில் எழும்பிப் போன பெண். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியின் மகளுக்கு ஒருவர் ஓமானில் வேலை எடுத்துத் தருகிறாராம், சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றலாமாம், முற்பணமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். "அந்தக் காசை இன்னும் தொடேல்லை," என்றார். "லைசன்ஸ் இருக்கிற ஏஜென்சியோ எண்டு எங்க பாக்கிறது?"